சிம் கார்டின் மனம் கோணாமல் நடந்துகொள்வது எப்படி?

புது போன் வாங்கிய முதல் நாள் நீங்கள் பெரிய அதிகாரி ஆகிவிடுகிறீர்கள். டார்ச் லைட் செயலி கைகட்டி வந்து நின்று, உங்கள் நண்பர்களின் எண்களைப் பார்க்கலாமா என்று கேட்கிறது. முடியாது என்கிறீர்கள். பஞ்சாங்கச் செயலி, நீங்கள் இருக்கும் இடம் தெரிந்தால்தான் ராகு காலம் சொல்ல முடியும் என்கிறது. ‘இந்த ஒரு முறை மட்டும்’ என்று பெரிய மனது பண்ணுகிறீர்கள். கேமரா, மைக், கேலரி என்று ஒவ்வொரு மனுவாகத் தள்ளுபடி செய்துவிட்டு, நம்மிடம் எவனும் வாலாட்ட முடியாது என்ற திருப்தியோடு காபி குடிக்கப் போகிறீர்கள்.

இத்தனை தர்பாரும் நடக்கும்போது போனின் பக்கவாட்டுத் தட்டில் நகக்கண் அளவில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது உங்களிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமும் இல்லை. செயலிகள் எல்லாம் வாடகைக்குக் குடிவந்தவை; சிம் கார்டு வீட்டு ஓனர். ஓனர் காலிங் பெல் அடித்து அனுமதி வாங்கிக்கொண்டா மாடியேறுவார்?

ஆகவே ஓனரோடு சுமுகமாக இருக்க விரும்பும் சந்தாதாரர்களுக்காக இந்தக் கையேடு. வம்பு பிடித்தவர்கள் நேராக ‘செய்யவே கூடாதவை’ என்ற பகுதிக்குப் போய்விடலாம்.

வாங்கும் முறை

சிம் கார்டை ஷோரூமில் வாங்காதீர்கள். ஏ.சி. இருக்கும், டோக்கன் கொடுப்பார்கள், படிவத்தைப் படிக்க நேரம் கிடைத்துவிடும். பஸ் ஸ்டாண்டு வாசலில் கம்பெனிக் குடை விரித்து, கம்பெனி பனியன் போட்டு நிற்கும் தம்பியிடம் வாங்குவதுதான் உத்தமம். அவர் கையில் ஒரு போன், அதில் ஒயரில் தொங்கும் ரேகை இயந்திரம். சம்பிரதாயம் இப்படிப் போகும்:

“அண்ணே, ஆதார் நம்பர் சொன்னா போதும். கார்டுகூட வேணாம். விரலை வைங்க.”

வைப்பீர்கள்.

“சரியா விழலண்ணே. துடைச்சிட்டு வைங்க.”

சட்டையில் துடைத்துவிட்டு வைப்பீர்கள்.

“சர்வர் ஸ்லோ. கடைசியா இன்னொரு தடவை.”

இந்த இடத்தில் பஸ் வந்துவிடுவது மிகவும் நல்லது. “எதுக்குப்பா மூணு தடவை?” என்று கேட்க நேரம் இருக்காது. அப்படியே கேட்டாலும், “சிஸ்டம் அப்படித்தாண்ணே கேக்குது” என்பார். சிஸ்டம் கேட்டால் மறுக்க நாம் யார்? இரண்டாவது ரேகையில் அதே பெயரில் இன்னொரு சிம் உயிர்பெற்று, எங்கோ ஒரு மோசடிக் கும்பலின் கைக்குப் போன கதைகள் சைபர் கிரைம் போலீஸாரிடம் நிறைய உண்டு. உங்கள் பெயரில் 9 இணைப்புகள் வரை அரசாங்கமே அனுமதிக்கிறது. ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மீதி எட்டையும் சும்மா விட்டுவைப்பது நீங்கள்தான்.

விரல் வைத்தால் என்னவெல்லாம் கிடைக்கும் என்பதற்கு 2017-ஐ விட நல்ல வருடம் கிடையாது. அந்த ஆண்டு மார்ச்சில் தொலைத்தொடர்புத் துறை எல்லா எண்களையும் ஆதாரோடு சரிபார்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. ‘இணைக்காவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று நாளுக்கு நாலு எஸ்.எம்.எஸ். வந்தது. ஜனங்கள் கடை கடையாகப் போய் விரல் வைத்தார்கள். கொஞ்ச நாளில் பலருக்குச் சமையல் கேஸ் மானியம் வழக்கமான பாங்க் கணக்கில் வந்து சேரவில்லை. தேடிப் பார்த்தால், ஏர்டெல் பேமென்ட்ஸ் பாங்க்கில் அவர்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து, மானியம் அங்கே போய்ச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கடைசியாக எந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்ததோ அதற்குத்தான் மானியம் என்பது அரசாங்கக் கணக்கு. சிம்முக்கு வைத்த விரலே பாங்க்குக்கும் ஆகிவிட்டது. டிசம்பரில் ஆதார் ஆணையம் ஏர்டெல்லின் சரிபார்ப்பு உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அடுத்த மார்ச்சில் ரிசர்வ் பாங்க், வாடிக்கையாளரின் தெளிவான சம்மதம் இல்லாமல் கணக்கு திறந்ததற்காக அந்த பாங்க்குக்கு 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

பிறகு 2018 செப்டம்பர் 26-இல் உச்ச நீதிமன்றம், மொபைல் எண்ணுக்கு ஆதாரைக் கட்டாயமாக்கியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் விரல் வைக்க வேண்டியவர்களெல்லாம் வைத்து முடித்திருந்தார்கள். இன்றைக்கும் வேறு அடையாள அட்டை காட்டி சிம் வாங்கலாம்தான். ஆனால் குடைக்கடியில் நிற்கும் தம்பிக்கு மாத டார்கெட் இருக்கிறது. அவரிடம் போய் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துச் சொல்வது மனிதாபிமானம் ஆகாது.

ஓனரை அறிந்துகொள்ளுதல்

சிம் கார்டு என்றால் எண்ணைச் சேமித்து வைக்கும் பிளாஸ்டிக் துண்டு என்று பலரும் நினைக்கிறார்கள். ஓனரை வாட்ச்மேன் என்று நினைப்பது போன்ற அவமரியாதை இது. அந்தப் பொன்னிறப் பட்டைக்குக் கீழே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குச் சொந்தமாகச் செயலி, சொந்தமாக நினைவகம், பெரும்பாலும் ஜாவா மொழியில் எழுதிய சொந்த நிரல்கள் எல்லாம் உண்டு. 1991-இல் ஜெர்மனியின் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் கம்பெனி பின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு முதல் சிம் கார்டுகளைச் செய்து கொடுத்தபோது அது ஏ.டி.எம். கார்டு அளவுக்கு இருந்தது. பிறகு மினி, மைக்ரோ, நானோ என்று தேய்ந்து, இப்போது இ-சிம் என்று உடம்பையே துறந்துவிட்டது. உடம்பு இளைத்ததே தவிர அதிகாரம் இளைக்கவில்லை.

அந்த அதிகாரத்துக்கு சிம் டூல்கிட் என்று பெயர். தொண்ணூறுகளில், போனில் செயலி என்று ஒன்று இருக்கும் என்று யாரும் கனவிலும் நினைக்காத காலத்தில், சிம்மே போனுக்கு உத்தரவு போடட்டும் என்று தொழில்நுட்பத் தரம் வகுத்தார்கள். அதன்படி சிம் கார்டு போனிடம் திரையில் வாசகம் காட்டச் சொல்லலாம், உங்களிடம் பதில் வாங்கித் தரச் சொல்லலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லலாம், ஓர் எண்ணை அழைக்கச் சொல்லலாம், பிரவுசரைத் திறக்கச் சொல்லலாம். எந்த டவரின் கீழ் நிற்கிறாய், உன் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. என்ன என்றும் கேட்கலாம். கடைசியில் சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் போன் உங்களைத் தொந்தரவு செய்யாமல் தானே பதில் சொல்லிவிடும். கம்பெனி நினைத்தால், திரையில் காட்டாத ஒரு மௌன எஸ்.எம்.எஸ். மூலம் சிம்முக்குள் இருக்கும் நிரலையே தூரத்திலிருந்து மாற்றலாம்.

இதையெல்லாம் வில்லத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா, ஸ்மார்ட்போனைக் கண்ணால்கூடப் பார்க்காத கிராமத்து ஜனங்களைப் பணம் அனுப்ப வைத்தது இந்த டூல்கிட் மெனு வழியாகத்தான். அங்கே அது பாங்க் ஆனது. நம் ஊரில் அது ராசிபலன் ஆனது.

உங்கள் போனில் செயலிகள் பட்டியலைத் திறந்து கடைசிப் பக்கம் வரை போனால், சிம் படம் போட்ட ஓர் ஐகான் தென்படும். நீங்கள் நிறுவியதாக ஞாபகம் இருக்காது. நிறுவவும் இல்லை. விரலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மற்ற செயலிகளுக்கு வரும் ‘நீக்கு’ என்ற வார்த்தை இதற்கு வராது.

ஓகே அழுத்தும் கலை

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யூடியூபில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வெங்காயம் பொன்னிறமாக வதங்கும் தறுவாயில், திரையின் நடுவே ஒரு பெட்டி குதிக்கிறது. ‘உங்கள் காதல் வெற்றி பெறுமா? ஜோதிடம் தினமும்!’ என்று கேட்டு, கீழே ‘கேன்சல்’, ‘ஓகே’ என்று இரண்டு பொத்தான்கள். இது எஸ்.எம்.எஸ். இல்லை, இன்பாக்ஸில் தேடினால் கிடைக்காது. நோட்டிபிகேஷனும் இல்லை; மேலே தள்ளினால் போகாது. ஓனர் நேரடியாகப் பேசுகிறார்.

கட்டை விரல் எந்தப் பக்கம் இயல்பாக விழுமோ அந்தப் பக்கத்தில் ‘ஓகே’ இருப்பது தற்செயல் என்று நம்பப் பழகுங்கள். அழுத்தினால் இன்னொரு மெனு, அதற்குள் கிரிக்கெட், பக்திப் பாடல், ஹலோ ட்யூன். ஒரு காலத்தில் அந்த இரண்டாவது பொத்தானிலேயே பாலன்ஸ் 30 ரூபாய் குறைந்துவிடும். எங்கள் குடும்பத்தில் ஓர் அத்தை இந்தக் கலையில் கரைகண்டவர்.

“டேய், காசு போட்டு ரெண்டு நாள் ஆகலை. அதுக்குள்ள பாலன்ஸ் இல்லைங்கறான்.”

“ஏதாவது வந்து ஓகே அமுக்கினீங்களா அத்தை?”

“ஆமா. கேட்டுச்சு, அமுக்கினேன்.”

“என்ன கேட்டுச்சுன்னு படிச்சீங்களா?”

“இங்கிலீஷ்ல கேட்டுச்சுடா. ஆனா மரியாதையாத்தான் கேட்டுச்சு.”

அத்தைமார்களின் இந்த மரியாதையை நம்பி ஒரு தொழிலே நடந்தது. மதிப்புக்கூட்டுச் சேவை என்று அதற்குப் பெயர். யாருக்கு மதிப்பு கூடியது என்பது கம்பெனியின் ஆண்டறிக்கையில் தெரியும். புகார் மலைபோல் குவிந்த பிறகு, 2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உத்தரவு போட்டது. எந்தக் கட்டணச் சேவையானாலும் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும், வேண்டாம் என்றால் நிறுத்த எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 155223 என்ற இலவச எண் இருக்க வேண்டும் என்றது. இரண்டு சம்மதம் என்றால் இரண்டு ஓகே. அத்தைக்கு இரண்டு ஓகே எம்மாத்திரம்?

இந்தப் பெட்டிகள் வராமல் நிறுத்தும் வழியையும் சிம் டூல்கிட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். எங்கே என்றுதான் யாரும் சொல்வதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்: ஏர்டெல்லில் ‘ஏர்டெல் நவ்’, வோடபோனில் ‘பிளாஷ்’, பி.எஸ்.என்.எல்.லில் ‘பஸ்’ என்றெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். அதற்குள் போய், அதற்குள் இருக்கும் இன்னொன்றுக்குள் போனால், ‘ஆக்டிவேஷன்’ என்ற தலைப்பின் கீழே ‘டிஆக்டிவேட்’ ஒளிந்திருக்கும். நிறுத்துவதற்குத் ‘துவக்கம்’ என்ற கதவைத் தட்ட வேண்டும் என்று வைத்த மகானுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

இருக்கும் இடத்தைச் சொல்லாமலே சொல்லுதல்

நோக்கியா காலத்தில் இது பெருமையாக இருந்தது. மெனுவில் செல் இன்போ என்பதை இயக்கி, 50-ஆம் சேனலைச் சேர்த்துவிட்டால், கம்பெனிப் பெயருக்குக் கீழே ‘மயிலாப்பூர்’, ‘தாம்பரம்’ என்று போன் தானாகவே எழுதிக் காட்டும். ரயிலில் தூக்கம் கலைந்தவர்கள் பக்கத்து ஆளை எழுப்பிக் கேட்காமல் போனைப் பார்த்து ‘திண்டிவனம் வந்துட்டுதா’ என்று தெரிந்துகொண்டார்கள். டவருக்கு நம் ஊர் தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டோமே தவிர, டவர் அதை வேறு யாரிடம் சொல்கிறது என்று யோசிக்கவில்லை.

இப்போது திரையில் ஊர்ப் பெயர் வருவதில்லை. தகவல் மட்டும் பத்திரமாக இருக்கிறது. யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவரிலிருந்து பேசினீர்கள் என்ற விவரத்தைக் கம்பெனிகள் முன்பு ஓராண்டு வைத்திருந்தால் போதும். 2021 டிசம்பரில் உரிம விதியைத் திருத்தி, குறைந்தது இரண்டாண்டு என்று ஆக்கிவிட்டார்கள். போன வருஷம் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனேனா, திருச்செந்தூர் போனேனா என்று குழம்பும் பெரியவர்களுக்கு இது உபகாரமாக இருந்திருக்கும். கேட்டால் தர மாட்டார்கள், அது போலீஸுக்கு.

எனவே போனில் ‘லொகேஷன்’ பொத்தானை அணைத்துவிட்டு மறைந்து வாழ்வதாக நினைக்காதீர்கள். நீங்கள் அணைத்தது செயலிகளுக்கான ஜி.பி.எஸ்.ஸை. டவரோடு பேசாவிட்டால் உங்களுக்கு அழைப்பே வராது என்பதால், அந்தப் பேச்சுக்குப் பொத்தான் வைக்கவில்லை. நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் சில கிலோமீட்டர் என்ற அளவில் நீங்கள் எங்கே என்பது டவருக்குத் தெரியும். இதில் சிம்மைக் குறை சொல்லிப் பயனில்லை, மொபைல் போன் என்றாலே அதுதான்.

கம்பெனிச் செயலியை உபசரித்தல்

புது சிம்மைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளிய சில நிமிடங்களில், கம்பெனியின் செயலியை நிறுவிக்கொள்ளச் சொல்லிப் போன் உங்களை அன்போடு கேட்கலாம். சில போன்களில் அது ஏற்கெனவே உள்ளே இருந்து, சிம் வரும்வரை தூங்கிக்கொண்டு இருக்கும். இந்த நட்பின் ரகசியம் 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1-இல் இருக்கிறது. கம்பெனி தன் டிஜிட்டல் முத்திரையின் அடையாளத்தைச் சிம்முக்குள் பதித்து அனுப்பும். அதே முத்திரை குத்திய செயலி போனுக்குள் வந்தால், ஆண்ட்ராய்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஓனர் வீட்டுப் பிள்ளை என்று எழுந்து நின்றுவிடும். மற்ற செயலிகளுக்கு இல்லாத சில சலுகைகள் அதற்குக் கிடைக்கும். நெட்வொர்க் அமைப்பை மாற்றலாம், சந்தாதாரர் அடையாள எண்ணைப் படிக்கலாம். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, சாதாரணச் செயலிகள் ஐ.எம்.இ.ஐ.யையும் சிம்மின் வரிசை எண்ணையும் படிக்கக் கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். ஓனர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் பின்கதவு திறந்தே இருக்கிறது. இதற்குத் திரையில் ‘அனுமதிக்கவா?’ என்ற கேள்வி வராது. கேட்டால் நீங்கள் சங்கடப்படுவீர்கள் அல்லவா?

நியாயமாகச் சொன்னால், இந்தச் சலுகை கேலரியில் உள்ள படத்தையோ வாட்ஸ்அப் அரட்டையையோ எட்டிப் பார்க்காது. அதற்கு அந்தச் செயலி எல்லாரையும் போல உங்களிடம் கேட்டாக வேண்டும். கேட்கவும் கேட்கும். ரீசார்ஜ் செய்யத்தானே திறந்தீர்கள்? முதலில் தொடர்புகள்: நண்பருக்கும் ரீசார்ஜ் செய்யலாமே. இருப்பிடம்: பக்கத்துக் கடை எங்கே என்று காட்டத்தான். எஸ்.எம்.எஸ்.: ஓ.டி.பி.யை நீங்கள் தட்டச்சு செய்து கஷ்டப்பட வேண்டாமே. கேமரா, மைக்: எதற்கும் இருக்கட்டும். இத்தனைக்கும் ‘அனுமதி’ அழுத்திய பிறகு, 299 ரூபாய்த் திட்டத்தைத் தேடினால், அது எட்டாவது விளம்பரத்துக்குக் கீழே இருக்கும். யாராவது, “எல்லாத்தையும் மறுத்துட்டுப் போனாலும் ரீசார்ஜ் ஆகுதே” என்று சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். யு.பி.ஐ. செயலியிலேயே எண்ணைப் போட்டு ரீசார்ஜ் செய்யலாம் என்று சொல்பவர்களோடு சகவாசமே வேண்டாம்.

பயந்த சுபாவம் உள்ளவர்கள் தாண்டிச் செல்லவும்

2013-இல் பெர்லினைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல் என்ற ஆராய்ச்சியாளர், பழைய 56 பிட் பூட்டு போட்ட சிம் கார்டுகளுக்கு ஒரு போலி எஸ்.எம்.எஸ். அனுப்பினார். சில சிம்கள் ‘இது தப்பான உத்தரவு’ என்று திருப்பிச் சொல்லும்போது தங்கள் கையெழுத்தையும் போட்டு அனுப்பின. அந்தக் கையெழுத்தை வைத்து, சாதாரணக் கம்ப்யூட்டரில் சில நிமிடங்களில் சாவியைக் கண்டுபிடித்துவிட்டார். குட்டு வெளிப்பட்டதும் கம்பெனிகள் நெட்வொர்க்கிலேயே அடைப்பு போட்டன.

2019 செப்டம்பரில் சிம்ஜேக்கர் வந்தது. அடாப்டிவ் மொபைல் என்ற அயர்லாந்து கம்பெனி கண்டுபிடித்துச் சொன்னது இது. பல நாட்டுச் சிம்களுக்குள், 2009-க்குப் பிறகு யாரும் தொட்டுப் பார்க்காத ஒரு பழைய குட்டி பிரவுசர் கிடந்தது. அதற்கு ஒரு மௌன எஸ்.எம்.எஸ். போனால், சிம் தன் போனிடம் ‘எங்கே இருக்கிறோம்?’ என்று கேட்டு, பதிலை இன்னொரு மௌன எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பிவிடும். போன் ஆப்பிளா, ஆண்ட்ராய்டா என்ற பேதம் இல்லை. போன் சொந்தக்காரர் திரையில் ஒன்றுமே வராது. மெக்சிகோ போன்ற நாடுகளில் ஆட்களை வேவு பார்க்க இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் சிம்மில் அந்தப் பிரவுசர் இருக்கிறதா என்று நீங்கள் பார்க்க முடியுமா? சாதாரணப் போனில் அதற்கு வழி இல்லை. மாடியில் என்ன வைத்திருக்கிறார் என்று ஓனரிடம் கேட்க முடியாது.

அரசாங்கம் கதவைத் தட்டினால்

விளம்பரத் தொல்லையிலிருந்து உங்களைக் காப்பாற்ற டிராய் ஒரு செயலி வெளியிட்டது. தொல்லை தருபவர் யார் என்று தெரிய வேண்டுமானால், உங்களை அழைத்த எல்லாரையும், உங்களுக்கு வந்த எல்லா எஸ்.எம்.எஸ்.ஸையும் அது பார்த்தாக வேண்டும் அல்லவா? ஆண்ட்ராய்டு சரி என்றது. ஆப்பிள், எங்கள் வாடிக்கையாளரின் அழைப்புப் பட்டியலை யாருக்கும் காட்ட மாட்டோம் என்று அடம்பிடித்தது. 2018 ஜூலையில் டிராய் புது விதிமுறை போட்டு, ஆறு மாதத்துக்குள் அனுமதிக்காத போன்களை நெட்வொர்க்கிலிருந்து விலக்கலாம் என்ற அளவுக்குப் போனது. கடைசியில், பட்டியல் முழுவதையும் காட்டாமல், தொல்லை தந்த அழைப்பை மட்டும் நாமே தேர்ந்து புகார் செய்யும்படி ஆப்பிள் ஒரு வழி பண்ணியது. அப்படியும் செய்ய முடியும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

2025 நவம்பரின் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தியாவில் விற்கும் எல்லாப் போனிலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே போட்டுத் தர வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்கு உத்தரவு. ஊரே கத்தியது. வேண்டாம் என்றால் நீக்கிக்கொள்ளலாம் என்று அமைச்சர் சொன்னார். உத்தரவின் வாசகம் அப்படிச் சொல்லவில்லையே என்று கேட்டார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி கட்டாயத்தை வாபஸ் வாங்கினார்கள். திருட்டுப் போன்களைத் தேடவும் போலி இணைப்புகளைப் பிடிக்கவும் அது உண்மையிலேயே உபயோகமான சேவைதான். நல்லதைக்கூடக் கேட்காமல் திணித்தால்தான் நமக்குத் திருப்தி என்று யாரோ மேலே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செய்யவே கூடாதவை

சஞ்சார் சாத்தி இணையதளத்துக்குப் போய், உங்கள் எண்ணையும் ஓ.டி.பி.யையும் போட்டு, உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கவே கூடாது. தெரியாத எண் ஒன்று பட்டியலில் இருந்தால் ‘இது என்னுடையது அல்ல’ என்று அழுத்த வேண்டி வரும். அந்த எண்ணில் யாரோ சுகமாகப் பேசிக்கொண்டிருக்கலாம்.

1909-க்கு ‘ஸ்டார்ட் 0’ என்று எஸ்.எம்.எஸ். அனுப்பி விளம்பரங்களை நிறுத்தக் கூடாது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பி, பர்சனல் லோன் வேணுமா சார் என்று விசாரிக்க இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அமைப்புகளில் அனுமதிப் பக்கத்தைத் திறந்து, எஸ்.எம்.எஸ். படிக்க யார் யாருக்கு உரிமை இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. பாங்க் செயலி இருக்கும், யு.பி.ஐ. இருக்கும், அவை சிம்மைச் சரிபார்க்க உங்கள் எண்ணிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புவது நியாயமான காரணம். அவற்றுக்குக் கீழே எப்போதோ ஒரு கல்யாணத்தில் போட்டோ பிரேம் போட நிறுவிய செயலி இருக்கும். அது ஏன் எஸ்.எம்.எஸ். படிக்கிறது என்று கேட்டால் மனது கஷ்டப்படும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிம்முக்கு ‘பின்’ எண் வைக்கவே கூடாது. போனுக்கு விரல் ரேகை, முகம், பூட்டு என்று எத்தனை போட்டாலும், திருடன் ஊசியால் தட்டைத் திறந்து சிம்மை எடுத்துத் தன் போனில் போட்டால், உங்கள் ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கு வரும். பின் எண் வைத்தால் வராது. பாவம், அவனும் குடும்பஸ்தன். அமைப்புகளில் பாதுகாப்பு, அதற்குள் சிம் லாக் என்று போனால் இரண்டு நிமிட வேலைதான். கம்பெனி கொடுத்த பின் பெரும்பாலும் 1234 அல்லது 0000. அதைப் போட்டுத் திறந்து உங்களுக்குப் பிடித்த நாலு இலக்கத்தை வைக்கலாம். மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு எட்டு இலக்க பி.யு.கே. எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் அந்தச் சிம்முக்குக் கருமாதிதான். சிம் வந்த அட்டையிலேயே பி.யு.கே. அச்சாகியிருப்பது உண்டு. அதனால்தான் அந்த அட்டையைக் குடைக்கடியிலேயே கசக்கிப் போட்டுவிட்டு வர வேண்டும்.

விடைபெறும் முறை

ஒருநாள் கம்பெனி மாறத் தோன்றும். எண்ணையும் கூடவே கொண்டு போனால் பிரச்சினை இல்லை. சிம் மாற்றி வாங்கி ஏழு நாள் ஆகாமல் கம்பெனி மாற முடியாது என்று 2024 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. உங்கள் எண்ணைத் திருட நினைப்பவனுக்கும் இது பொருந்தும் என்பதுதான் அதில் உள்ள நல்லது.

எண்ணையே கைவிடுவதானால், சிம்மைக் கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருங்கள். பாங்க், இன்சூரன்ஸ், பி.எப்., ரேஷன் கார்டு எதிலும் எண்ணை மாற்ற வேண்டாம். இணைப்பு துண்டித்து 90 நாள் போனால் கம்பெனி அந்த எண்ணை வேறு யாருக்காவது கொடுக்கும். கைவிட்ட எண்களின் பட்டியலை அரசாங்கம் வெளியிடுகிறது, பாங்க்குகள் அதைப் பார்த்துப் பழைய எண்களை நீக்கிக்கொள்ளலாம். பார்ப்பார்கள் என்று நம்புவோம். பார்க்காவிட்டால், எங்கோ அரியலூரில் பிளஸ் டூ முடித்து முதல் போன் வாங்கிய ஒரு பையனுக்கு உங்கள் கிரெடிட் கார்டு ஓ.டி.பி. வரும், மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி வரும். மாதம் 5-ஆம் தேதி தாண்டினால் வண்டிக் கடன் வசூல்காரர் வருவார். அந்தப் பையன், “சார், நான் அவரில்லை” என்பான். “எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க” என்பார் அவர்.